எது கோட்டை? பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவு நடத்துகிற எந்த அமைப்புக்கும் ஒரு கேள்வி பழக்கமானது. யாரை நினைவில் வைப்பது, அதை யார் முடிவு செய்வது? நம் முன்னோடிகளின் பெயர்களை வேறு எவரும் எடுத்து வைக்கவில்லை. நாமேதான் தேடி எடுத்து, அச்சிட்டு, ஆண்டுதோறும் கூடிப் பேசி வருகிறோம். அதே கேள்வியை இந்த ஆண்டு கட்டடங்களிடம் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம். நம் வட்டாரத்தில் கோட்டைகள் எத்தனை?

பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் ஒன்று என்றுதான் பதில் வரும். ரஞ்சன்குடிக் கோட்டை. பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் பேருந்து சன்னல் வழியே தெரிகிற கல் மதில். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் அரியலூர் மாவட்டத்தில் உட்கோட்டை என்று ஓர் ஊர் உண்டு. கோட்டைக்கு உள்ளே இருக்கும் ஊர் என்று பெயரே சொல்கிறது. சுற்றிலும் பார்த்தால் கோட்டையைக் காணோம். உடையார்பாளையத்தில் ஒரு ஜமீன் அரண்மனை உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு பெருங்கோயில் உண்டு. 1836 வரை அதைச் சுற்றிக் கொத்தளங்களுடன் மதில் நின்றது. இவற்றில் எது கோட்டை, எது இல்லை?

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. ஓரிடம் கோட்டை என்று எழுதப்பட்டால் வேலி வரும், காவலாளி வருவார், அறிவிப்புப் பலகை வரும், பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். பக்கத்தில் வீடு கட்டத் தடையும் வரும். எழுதப்படாவிட்டால் அது செங்கல் செங்கலாகப் பெயர்ந்து போகும். இரண்டு பக்கத்திலும் இழப்பு யாருக்கு என்பதைப் பார்க்க வேண்டியிருப்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

சொல்லும் சட்டமும்

தமிழில் இதற்குச் சொற்கள் நிறைய. அரண், எயில், இஞ்சி, புரிசை, மதில், கொத்தளம், படைவீடு, கோட்டை. இவற்றில் 'அரண்' மிக விரிந்த சொல். திருக்குறளில் 75ஆம் அதிகாரம் அரண். அங்கே மதில் மட்டும் அரண் ஆகவில்லை. நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகியவையும் அரணாக எண்ணப்படுகின்றன. கௌடில்யரின் அர்த்த சாத்திரமும் நீர், மலை, பாலை, காடு என நான்கு வகை அரண்களைச் சொல்கிறது. ஆக, கோட்டை என்றால் கற்சுவர் என்பது நம் பழைய நூல்களின் கருத்து அன்று.

'அரண்மனை' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அரண் உள்ள மனை. ஐரோப்பாவில் ஒரு பிரபு தன் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டே சுற்றுவட்டாரத்தை அடக்கி ஆண்ட காவல் வீட்டை 'காசில்' என்றார்கள். அதற்கு நம் மொழியில் நெருங்கி வருவது 'கோட்டை' என்பதைவிட 'அரண்மனை'தான். இன்று அரண்மனை என்றதும் நமக்குத் தூண்களும் சித்திரங்களும் நினைவுக்கு வருகின்றன. சொல்லின் முன்பாதியில் இருக்கும் காவலும் பயமும் மறந்துவிட்டன.

'கோட்டை' என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. ஊர்ப் பெயரில் கோட்டை இருந்தாலே மதில் இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. தென்மாவட்டங்களில் கோட்டை என்பது நெல் அளக்கும் அளவு. வைக்கோல் புரியால் இறுக்கிக் கட்டிய விதைநெல் பொதியும் கோட்டைதான். அந்தக் கோட்டையைக் கட்டத் தெரிந்த கைகள் யாருடையவை என்று இந்த அரங்கில் சொல்லத் தேவையில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1958ஆம் ஆண்டின் பழங்காலச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்துவருகிற, வரலாற்று, தொல்லியல் அல்லது கலை முக்கியத்துவம் உள்ள கட்டுமானங்களைப் பழங்காலச் சின்னம் என்கிறது. புதைமேடு, குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு ஆகியவையும் அதில் அடங்கும். தமிழ்நாட்டுக்கு இதே நோக்கில் 1966ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. நூறு ஆண்டு என்பதை எண்ணிப் பார்த்துவிடலாம். 'முக்கியத்துவம்' என்பதை எப்படி அளப்பது? யாருக்கு முக்கியம்? அங்கேதான் பட்டியல் போடுகிறவரின் கண் வேலை செய்கிறது.

ரஞ்சன்குடி: கல்லும் பேட்டையும்

ரஞ்சன்குடிக் கோட்டை 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவரால் கட்டப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று நிலைகளில் மதில், செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர்கள். 1751இல் ஆர்க்காட்டுப் பட்டத்துக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதியபோது, பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கமும் ஆங்கிலேயர்கள் மறுபக்கமும் நின்று இந்த இடத்தில் சண்டையிட்டார்கள். கம்பெனி ஆவணங்களில் இதன் பெயர் வாலிகொண்டா. பக்கத்து வாலிகண்டபுரத்தின் பெயரைத்தான் அப்படி எழுதினார்கள்.

கம்பெனியின் போர்களை எழுதி வைத்த ராபர்ட் ஓர்ம் இந்த இடத்தை விவரித்திருக்கிறார். பாறைக்குன்று, அதைச் சுற்றி மூன்று அடுக்கு மதில், அடிவாரச் சமவெளியில் ஒரு கோட்டை, அதை ஒட்டி மண்சுவர் சூழ்ந்த ஓர் ஊர். இந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். மண்சுவர் சூழ்ந்த அந்த ஊர்தான் பேட்டை. படைக்கு அரிசியும் தீவனமும் வந்தது அங்கிருந்து. குதிரைக்கு லாடம் அடித்தவர், தோல் பை தைத்தவர், விறகு சுமந்தவர், துணி வெளுத்தவர் எல்லாம் இருந்த இடம் பேட்டை. படையெடுப்பில் முதல் அடி விழுவதும் பேட்டையின் மேல்தான். மேலே இருப்பவர்கள் மதிலுக்குள் பூட்டிக்கொண்ட பிறகு கீழே இருப்பவர்கள் எதிரியின் முன்னால் நிற்பார்கள்.

ரஞ்சன்குடியைப் பற்றிய குறிப்புகளில் பேட்டை, கோட்டைமேடு என்ற இரண்டு பெயர்களும் இன்றுவரை வருகின்றன. ஆனால் பார்க்க வருகிறவரின் மனதில் நிற்பது கல் மட்டும். கல் நின்றது, மண் கரைந்தது. நின்றதையே கோட்டை என்கிறோம். கட்டுமானப் பொருளை வைத்து வரலாற்றை அளக்கும் இந்தப் பழக்கம் நமக்கு எதிரானது. ஏனென்றால் நம் மக்கள் எந்த நூற்றாண்டிலும் கல்லால் வீடு கட்டிக்கொள்ளவில்லை. பல ஊர்களில் ஓடு போடுவதற்குக்கூட அனுமதி இருந்ததில்லை.

மண்கோட்டை கோட்டையாகாது என்று யாராவது சொன்னால் பாஞ்சாலங்குறிச்சியை நினைவுபடுத்துங்கள். மண்ணால் எழுந்த அந்த அரணைக் கம்பெனி 1799இல் இடித்தது. 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பினார். மறுபடியும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கட்டபொம்மன் படையின் தளபதிகளில் ஒருவர் சுந்தரலிங்கம். 1974இல் தமிழக அரசு அங்கே ஒரு நினைவுக் கோட்டை கட்டியது; இன்று மக்கள் பார்த்துவிட்டு வருவது அந்தப் புதிய கட்டடத்தைத்தான். 1997இல் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தபோது என்ன நடந்தது என்பது இங்கிருக்கும் மூத்த தோழர்களுக்குத் தெரியும். எதிர்ப்பு கலவரமானது. முடிவில் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுக்கப்பட்டன. ஒரு தலித் தளபதியின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறுவதைவிடப் பெயரே இல்லாத பேருந்து மேல் என்று முடிவானது.

உட்கோட்டை: மதில் இல்லாத கோட்டை

இனி ஜயங்கொண்டத்துக்கு அப்பால் போவோம். முதலாம் இராசேந்திரன் ஏறத்தாழ 1025 அளவில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். சுமார் 250 ஆண்டுகள் அது சோழரின் தலைநகராக இருந்தது. கோயிலுக்குத் தென்மேற்கே உட்கோட்டை ஊரில் மாளிகைமேடு என்ற மேடு இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களில் அங்கே அகழாய்வு செய்தது; 2021இல் மீண்டும் தொடங்கியது. செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள் ஆகியவை கிடைத்தன. அரண்மனை செங்கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்டிருந்தது.

மதிலும் செங்கல்தான். கல்வெட்டுகளில் 'இராசேந்திர சோழன் மதில்' என்ற பெயர் வருகிறது. இரண்டு செங்கற்சுவர்களை எழுப்பி நடுவில் மணலை நிரப்பிய அகலமான மதில் அது. கிழக்கே திருவாசல், தெற்கே வேம்புகுடி வாசல் என்று வாயில்களின் பெயர்களும் கிடைக்கின்றன. அந்தச் செங்கற்கள் எங்கே போயின? தலைமுறை தலைமுறையாகச் சுற்றுவட்டார மக்கள் தோண்டி எடுத்து வீடு கட்டினார்கள். கோட்டை அழியவில்லை, வீடுகளாகக் கலைந்துபோனது என்றும் இதைச் சொல்லலாம்.

மதில் போனாலும் பெயர்கள் இருக்கின்றன. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், யுத்தப்பள்ளம், சுண்ணாம்புக்குழி. முதல் நான்கையும் வரலாற்று ஆசிரியர்கள் ஆர்வமாக எடுத்துக்கொள்வார்கள். ஆயுதம், மெய்க்காவல், யுத்தம் எல்லாம் அரசரின் பெருமைக்கு உதவும். நாம் ஐந்தாவது பெயரில் நிற்க வேண்டும். சுண்ணாம்புக்குழி என்பது சுண்ணாம்பு சுட்டு, நீற்றி, அரைத்த இடம். ஒரு தலைநகரத்தின் செங்கற்களை ஒட்ட வைத்த சாந்து அங்கிருந்து போனது. அந்தச் சூட்டிலும் புகையிலும் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கல்வெட்டு வரி இல்லை. ஊர்ப் பெயர் ஒன்றுதான் அவர்களின் கல்வெட்டு.

கோயிலுக்கு வருவோம். அதன் வெளிச்சுற்று 584 அடிக்கு 372 அடி என்றும், மூலைகளில் கொத்தளங்களோடு வலுவான மதில் சூழ்ந்திருந்தது என்றும் திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச்சுவடி பதிவு செய்கிறது. கொள்ளிடத்தில் கீழணை கட்ட 1836இல் அந்தக் கற்களைப் பெயர்த்தார்கள். 1855இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பில் முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. இடிப்பைத் தடுக்க அங்கிருந்த ஏழை மக்கள் தங்களால் ஆனவரை முயன்றார்கள். பலிக்கவில்லை. அரசை அவமதித்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை. இன்று யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கோயில் 2004 முதல் இடம்பெற்றிருக்கிறது. பட்டியல்கள் வருவதற்கு முன்பே, எந்தச் சட்டமும் துணையில்லாமல், ஒரு சின்னத்தைக் காக்க முன்னால் நின்றவர்கள் பெயர் தெரியாத ஏழைகள். அந்தக் காலத்தில் தீண்டப்படாதவர்கள் எனப்பட்டவர்கள் எந்தப் பெருங்கோயிலுக்குள்ளும் போக முடியாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது.

உடையார்பாளையம்: அரண் உள்ள மனை

பாளையம் என்றாலே படை தங்கும் இடம். உடையார்பாளையமும் அரியலூரும் பாளையக்காரர்களின் இருப்பிடங்கள். பின்னாளில் உடையார்பாளையம் ஜமீன் கலைப் புரவலர் என்று பெயர் பெற்றது. கனம் கிருஷ்ணய்யர் அந்தச் சமஸ்தானத்தில் பாடியவர். உ.வே. சாமிநாதையரின் தந்தைக்கும் அந்த அரண்மனையோடு தொடர்பு இருந்தது. இசை வரலாற்றிலும் இலக்கிய வரலாற்றிலும் அந்த வாசல் இடம் பிடித்துவிட்டது.

அது நல்ல வரலாறுதான். ஆனால் அரண்மனையை அரண்மனையாக வைத்திருந்தது பாட்டு மட்டுமா? நிலவரி, ஊழியம், பல்லக்கு, பறை, வாசல் காவல் எல்லாம் சேர்ந்துதான். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நிலத்தின் மேல் இருந்த அந்தப் பிடியை விட்டுவிட்டு, சபையில் ஒலித்த இசையை மட்டும் எழுதினால் அரண்மனை ஒரு கச்சேரி மண்டபம் ஆகிவிடும். அரண்மனையைக் கோட்டையாக எண்ணச் சொல்வது அதன் பெருமையைக் கூட்டுவதற்கு அன்று. அது எதைச் செய்துகொண்டு நின்றது என்பதைச் சரியாகச் சொல்வதற்கு.

மதிலின் வெளிப்பக்கம்

மதிலுக்கு உள்பக்கம் போல வெளிப்பக்கமும் உண்டு. இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தஞ்சாவூரை உள்ளாலை என்றும் புறம்படி என்றும் பிரிக்கின்றன. அதே கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களில் வரி விதிக்கப்படாத நிலங்களின் கணக்கு வருகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. சேரி இருந்தது, அளக்கப்பட்டது, எழுதப்பட்டது. எழுதப்பட்ட இடம் மட்டும் கழிவு நிலத்தின் கணக்கில், சுடுகாட்டுக்குப் பக்கத்தில்.

அர்த்த சாத்திரமும் கோட்டை நகரை வகுக்கும்போது சண்டாளர்களின் குடியிருப்பைச் சுடுகாட்டுக்கு அப்பால் வைக்கிறது. அதே நூல் எல்லைக் கோட்டைகளுக்கு இடைப்பட்ட வெளியைக் காக்கும் பொறுப்பை வேடர், சபரர், புலிந்தர், சண்டாளர், காட்டுவாசிகள் ஆகியோரிடம் ஒப்படைக்கிறது. மதிலுக்குள் இடம் இல்லை. ஆனால் மதில் எட்டாத இடத்தில் மதிலாக நிற்க வேண்டும். மராட்டிய மலைக்கோட்டைகளின் காவலிலும் மகர்களும் கோலிகளும் ராமோசிகளும் நின்றார்கள்.

கட்டுமான உழைப்புக்கு நம் கல்வெட்டுகளில் ஒரு சொல் உண்டு: வெட்டி. கூலி கொடுக்காமல் வாங்கும் வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற வரிச் சொற்களில் இதுவும் ஒன்று. இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்று பொருள். கூலி கிடைக்காத வேலையைப் பயன் இல்லாத வேலையாக மாற்றிவிட்டது மொழி. அந்த வேலையின் பயனை அனுபவித்தவர்களின் கண்ணில் அது எப்போதும் இலவசம்தான்.

இராசத்தானின் ஜோத்பூரில் மெகரான்கர் கோட்டை 1459இல் தொடங்கப்பட்டது. அதன் அடித்தளத்தில் ராஜாராம் மேக்வால் என்ற தலித் உயிரோடு புதைக்கப்பட்டார் என்பது அங்கு வழங்கும் வரலாறு. கோட்டை நிலைக்க உயிர்ப்பலி வேண்டும் என்று நம்பிய காலம். அவருக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது. அதில் அவருடைய தியாகம் போற்றப்படுகிறது. நாம் கேட்பது வேறு: அரச குடும்பத்திலிருந்து ஏன் ஒருவர் தியாகம் செய்ய முன்வரவில்லை?

1934இல் பாபாசாகேப் அம்பேத்கரும் தோழர்களும் வேருள் குகைகளுக்குப் போகும் வழியில் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். வாசலருகே இருந்த குளத்தில் முகம் கைகால் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தை அசுத்தமாக்கிவிட்டார்கள் என்று அங்கிருந்த முஸ்லிம்கள் கூச்சலிட்டுக் கூட்டமாக வந்துவிட்டார்கள். கோட்டைக்குள் எந்த இடத்திலும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, கண்காணிக்க ஓர் ஆயுதக் காவலரையும் உடன் அனுப்பித்தான் உள்ளே விட்டார்கள். இதை அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டையில் அப்போது அரசர் இல்லை, படை இல்லை, போர் இல்லை. பீரங்கிகள் துருப்பிடித்துவிட்டன. ஆனால் ஒருவரைத் தடுக்கும் வேலையை மட்டும் அது அன்றும் செய்துகொண்டிருந்தது.

எப்படி எண்ணுவது?

ஒருவர் கேட்கலாம்: மதில், மேடு, அரண்மனை, கோயில் என்று எல்லாவற்றையும் கோட்டை என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்வி. நாம் மூன்று கேள்விகளை அளவுகோலாக வைக்கிறோம்.

முதல் கேள்வி: மனிதர்கள் உள்ளே வருவதைத் தடுக்க அங்கே ஏதாவது கட்டப்பட்டதா? கல்லோ, செங்கல்லோ, மண்ணோ, அகழியோ, எதுவானாலும் சரி. இரண்டாவது: உள்ளே இருந்தவருக்கு வெளியே இருந்தவர்கள் மேல் வரி, வெட்டி, தண்டனை என்று அதிகாரம் இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது கோட்டை. மூன்றாவது கேள்வி அதன் எல்லையைத் தீர்மானிக்கும்: அதைக் கட்டவும் காக்கவும் ஊட்டவும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எங்கே இருந்தார்கள்? அந்த இடம்வரை கோட்டை.

இப்படி எண்ணினால் ரஞ்சன்குடி பேட்டையோடு சேர்ந்து கோட்டை. உட்கோட்டையும் மாளிகைமேடும் மதில் இல்லாவிட்டாலும் கோட்டை. அதன் எல்லை சுண்ணாம்புக்குழிவரை நீளும். கங்கைகொண்ட சோழபுரம் கோயில், கொத்தளங்கள் நின்ற காலத்தில் கோயிலாகவும் அரணாகவும் இருந்தது. உடையார்பாளையம் அரண்மனை பெயருக்கேற்ற அரண். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுந்தது நினைவுச்சின்னம். கோட்டை அதற்கு முன்னால் மண்ணோடு போனது.

இங்கே நம்மிடையே நடக்கும் ஒரு விவாதத்தையும் தொட வேண்டும். தமிழ்நாட்டில் இன்று ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்ளாத சாதி அரிது. நாமும் ஆண்டோம், எங்களுக்கும் கோட்டை இருந்தது என்று ஆதாரம் தேடும் இளைஞர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் கோட்டை கட்டி ஆண்டவனுக்குத்தான் வரலாறு என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டு அதில் நம் பெயரைத் தேடினால், ஆளாத எல்லாரும் வரலாறு இல்லாதவர்கள் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். நாம் கேட்பது கோட்டையில் ஒரு கொடியை அன்று. கோட்டையின் கணக்கில் கழிக்கப்பட்டதைத் திரும்ப எழுதுவதை.

பட்டியலின் தலைப்பே வரலாற்றை மாற்றும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2025 சூலையில் யுனெஸ்கோ மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராட்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. செஞ்சி நாயக்கர்கள், பிஜாப்பூர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பல கைகள் மாறியது. மராட்டியர் கையில் இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள். உலகப் பட்டியலில் அது மராட்டியக் கோட்டை.

பட்டியல் வேறு விதமாகவும் எழுதப்படலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் எல்மினா, கேப் கோஸ்ட் கோட்டைகள் 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. எல்மினாவைப் போர்த்துக்கீசியர் 1482இல் கட்டத் தொடங்கினார்கள். மேலே ஆளுநர் அறைகளும் தேவாலயமும். கீழே அடிமைகளாக விற்கப்பட இருந்த மனிதர்களை அடைத்த நிலவறைகள். இன்று அங்கே போகிறவர்கள் முதலில் நிலவறைக்குத்தான் இறங்குகிறார்கள். கட்டடம் அதேதான், எதைப் பார்ப்பது என்பது மாறிவிட்டது. அடைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கேட்டதால் மாறியது.

நாம் செய்ய வேண்டியது

நூறு ஆண்டுக் கணக்குக்குள் வராத மதில்களும் நம்மிடம் உண்டு. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவர், 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்படும்வரை தலித் மக்களைப் பிரித்து நின்றது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 திசம்பர் 2 அதிகாலை, ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 17 தலித்துகள் தூக்கத்திலேயே இறந்தார்கள். இவற்றைச் சின்னமாகப் பாதுகாக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இடிக்க வேண்டியவை இடிக்கப்பட வேண்டும். ஆனால் எங்கே நின்றது, எவ்வளவு நீளம், யார் எழுப்பியது, எப்போது விழுந்தது என்று பதிவு செய்யாமல் இடித்துவிட்டால், நூறு ஆண்டு கழித்து வருகிறவருக்கு அப்படி ஒரு சுவரே இருந்ததில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

பட்டியலில் சேர்க்கச் சொல்லும்போது அதன் விலையையும் அறிந்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி தேவை. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி தேவை. அனுமதி கேட்டுப் போனால் உரிமை ஆவணம் கேட்பார்கள். தலைமுறையாகப் பட்டா இல்லாமல் வாழ்கிற குடும்பம் எதைக் காட்டும்? கோட்டை கட்டியபோது வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், கோட்டையைப் பாதுகாக்கும்போதும் வெளியேற்றப்படக் கூடாது. எந்த மேட்டையும் அறிவிப்பதற்கு முன் அதைச் சுற்றி வாழ்பவர்களின் பட்டாவை முடித்துக் கொடுங்கள், கிராம சபையில் வைத்துப் பேசுங்கள் என்பது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரின் கிராம வரைபடத்தையும் அ பதிவேட்டையும் எடுங்கள். கோட்டைமேடு, பேட்டை, அகழி, கொத்தளம், சுண்ணாம்புக்குழி, செங்கற்சூளை, கல்லுடைத்த பாறை, சேரி நத்தம் என்று வயல் பெயர்களையும் பள்ளத்தின் பெயர்களையும் எழுதுங்கள். வயதானவர்களிடம் கேளுங்கள், அவர்கள் எந்த வழியாகப் போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்தத் தடை எங்கே தொடங்கியதோ அங்கே ஒரு மதில் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். அந்தப் பட்டியலை அச்சிடுவோம். தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுப்போம்.

ரஞ்சன்குடிக்குப் போகிறவர்கள் மேலே ஏறி நான்கு திசையும் பார்க்கிறார்கள். கட்டியவரின் கண்ணோடு பார்ப்பதற்கு அது நல்ல இடம். இறங்கி வந்து பேட்டையில் நின்று மதிலை அண்ணாந்து பாருங்கள். நம் வரலாற்றை எழுதத் தொடங்க வேண்டிய இடம் அது.

ஜெய்பீம்.